மருந்துக்காரருக்கு வாய்த்த அக்கா

மருந்துக்காரருக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. அவருடைய அப்பா ஒற்றைப் பிள்ளை. அம்மாவும் ஒற்றைப் பிள்ளை. இருவரும் சேர்ந்து பெற்றதும் ஒன்றே ஒன்றுதான். சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை என்பதெல்லாம் அவருக்கு அடுத்த வீட்டுச் சாமான்கள். எட்டிப் பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வழியில் மச்சான்களும் கொழுந்தியாள்களும் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லாரும் மனைவியைப் பார்க்க வருகிறவர்கள். வாசலில் இவரைப் பார்த்தால், "அக்கா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போய்விடுவார்கள்.

மருந்துக்காரர் என்றதும் மாத்திரை விற்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். வீடோ கடையோ அலுவலகமோ, எங்கே கிருமி இருக்கிறதென்று ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறதோ அங்கே போய்க் கிருமிநாசினி தெளித்துவிட்டு வருவது அவர் தொழில். முதலில் ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அங்கே கற்றதை வைத்துச் சொந்தமாகத் தொடங்கினார். முதுகில் மாட்டும் மருந்துத் தொட்டி, புகை அடிக்கும் இயந்திரம், தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை, மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கும் முகமூடி, ஒரு பழைய வேன். வேனின் இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் ‘கிருமி ஒழிப்பு’ என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்தார். அந்த எழுத்துதான் அவர் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

முதல் வாடிக்கையாளர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். மருந்துக்காரர் வேனை வாசலில் நிறுத்தி, வெள்ளை உடையில் தொட்டியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் படி ஏறுவதற்குள் தெருவில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. பால் கொண்டுவந்தவர் பாலை எதிர்ப்புறமே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். யாரோ சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்து, ஆசிரியை வீட்டில் ஏதோ பெரிய நோய், ஆளே போய்விட்டார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரிக்கு ஆசிரியையே கதவைத் திறந்து, தான் இன்னும் உயிரோடு இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் ரொம்ப நாளைக்கு அந்த அம்மாவிடம் யாரும் இரவல் வாங்கவில்லை, இரவல் வாங்கியதைத் திருப்பித் தரவும் வரவில்லை.

இந்தச் செய்தி பரவியதும் போன்கள் ஒரு மாதிரியாக வர ஆரம்பித்தன. எல்லாருக்கும் மருந்து அடிக்க வேண்டும், ஆனால் அடித்தது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. போனை எடுப்பது மருந்துக்காரரின் மனைவி. வேனில் எழுதியதை அழித்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள், கடைசியில் தானே பெயின்ட் வாங்கி வந்து அழித்தாள். வெள்ளை உடையும் தொட்டியும் பெரிய சூட்கேஸ்களுக்குள் போயின. பெட்டியும் கையுமாக ஒரு ஆள் ஒரு வீட்டுக்கு வந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? உறவுக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் கூப்பிட்டாலும், எத்தனை அறை, வீட்டில் மீன் தொட்டி உண்டா, குழந்தைகள் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக மனைவி ஒரு கேள்வி கேட்பாள்.

"இவரு எந்த முறையில வரணும்?"

சிலர் மாமா என்றார்கள். சிலர் அண்ணன் என்றார்கள். ஒரு வீட்டில் கிட்டார் வாத்தியாராக வரச் சொன்னார்கள். புகை இயந்திரத்தின் நீளக் குழல் கிட்டார் பெட்டிக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அங்கே மாடிவீட்டுக் குழந்தை வந்து, ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லி அடம் பிடித்தது. மருந்துக்காரர் விரல் சுளுக்கு என்று சமாளித்தார். ஒரு கம்பெனியில் தலைமை அலுவலகத்து இன்ஸ்பெக்டராக வரச் சொன்னார்கள். இவர் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து கைப்பிடிகளையும் சுவிட்சுகளையும் துணியால் துடைத்துக்கொண்டே போனார். என்னமோ தேடுகிறார் என்று பயந்துபோன ஒரு ஊழியர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் சாமான் அறையில் போய்த் தூங்குவது தான்தான் என்று தானாகவே வந்து ஒப்புக்கொண்டார். மருந்துக்காரர் தலையணை உறையை அடிக்கடி துவைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கேட்பவர்களுக்கு இது பிழைப்புக்காகப் போட்ட வேஷம் என்றுதான் தோன்றும். மருந்துக்காரருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டுக் கதவு திறந்து, "வாங்க மாமா" என்று ஒரு குரல் வந்துவிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மருந்து தெளிக்கிற நேரம் போக மீதி நேரத்தில் அந்த வீட்டு மாமாவாகவே ஆகிவிடுவார். பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று கேட்பார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பேச்சுக் கொடுத்தால், தனக்கு ஊரில் இரண்டு மாடி வீடும் தீராத முதுகு வலியும் இருப்பதாக எடுத்துவிடுவார். திரும்பி வந்ததும் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"மருந்து அடிக்கப் போனீங்களா, கதை அடிக்கப் போனீங்களா?"

"அவராத்தான் கேட்டாரு. சும்மா நிக்க முடியுமா?"

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தையல்காரர் வீட்டு வேலை வந்தது.

தையல்காரர் குடியிருந்தது தரைத்தளத்தில். முன்னறை தையல் கடை, பின்பக்கம் வீடு. பெருமழையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு குளியலறை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. குடும்பமே சேர்ந்து அள்ளிக் கொட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று. இருந்தாலும் வீட்டில் ஒரு வாடை, மனதில் ஒரு அருவருப்பு. வேறு நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் தையல்காரரின் மகளும் அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கூட வேலை பார்க்கும் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பி, அதை இரண்டு வீட்டிலும் சொல்லி, பையனின் பெற்றோர் முதல் தடவையாகப் பேச வருவதாக இருந்தது. மகள் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் அம்மா எங்கே போனாலும் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார் என்று மட்டும் சொன்னாள். தையல்காரருக்கு அது போதும். உடனே போன் செய்தார். கடைக்கு ஆட்கள் வந்து போகிற இடம், அதனால் வெளியூரிலிருந்து வரும் பெரியப்பாவாக வரட்டும் என்று சொன்னார்.

சொன்னபடி மருந்துக்காரர் இரண்டு சூட்கேஸ்களுடன் வந்து இறங்கினார். வாசலில் அவரைப் பார்த்த தையல்காரர் திருதிருவென விழித்தார். தையல்காரருக்குத் தலை முழுக்க நரை. வந்திருக்கும் அண்ணனுக்கோ ஒரு வெள்ளை முடி இல்லை. மாற்ற நேரமில்லை, கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். "வாங்கண்ணே, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே போனதும் மருந்துக்காரர் வேலையில் இறங்கினார். தொழில் விஷயத்தில் அவர் கதையளக்க மாட்டார். படுக்கைகளையும் பாத்திரங்களையும் மூடச் சொன்னார். கடைக்கோடி அறையில் தொடங்கி வாசலை நோக்கி, சுவரின் மேலிருந்து கீழாகத் தெளித்துக்கொண்டே வந்தார். கடைசியாகக் குளியலறைக்கும் சமையலறைக்கும் அடர்த்தியான மருந்தைப் போட்டார். மருந்து தானாகக் காய வேண்டும், ஈரம் இருக்கும்வரை ஒருவரும் அங்கே கால் வைக்கக் கூடாது, வைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண் என்று கறாராகச் சொல்லிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்தார். உடையைக் கழற்றி மடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்ப ஆயத்தமானார்.

சம்பந்தி வீட்டார் சாயங்காலம் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பையனின் அம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. சொன்ன நேரத்துக்குப் போனால் வீட்டைப் பார்க்க முடியாது, ஏற்பாட்டைத்தான் பார்க்க முடியும். அதனால் மதியமே வந்துவிட்டார்.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மகள், வெளிறிய முகத்தோடு உள்ளே ஓடி வந்தாள். தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மனைவிதான் மருந்துக்காரரைப் பின்வாசல் வழியாகப் போய்விடச் சொன்னாள். பின்வாசலுக்குச் சமையலறையைத் தாண்டிப் போக வேண்டும். சமையலறைத் தரை பளபளவென்று ஈரமாக இருந்தது.

"அதுல கால் வைக்கக் கூடாதும்மா," என்றார் மருந்துக்காரர்.

"நீங்க அடிச்சதுதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. வந்தது வந்தாயிற்று, பெரியப்பாவாகவே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு நைசாகக் கிளம்பிவிடுங்கள் என்று தையல்காரரின் மனைவி அவரைச் சோபாவில் தள்ளினாள். முகமூடி அழுத்திய தடம் மூக்கைச் சுற்றிச் சிவப்பு வளையமாக இருந்தது. மகள் தன் பவுடரை எடுத்து அவர் மூக்கில் அப்பினாள். மூக்கு மட்டும் வெள்ளையாகி நிலைமை இன்னும் மோசமாயிற்று.

முதலில் உள்ளே வந்தவர் பையனின் அப்பா. எது சொன்னாலும் தலையாட்டுகிற சாது. பின்னால் பையன். அதற்குப் பின்னால் கையில் கைக்குட்டையுடன் பையனின் அம்மா. கடைசியாக, யாருமே அழைக்காமல், பையன் வீட்டுக்கு எதிர்வீட்டம்மா. அவர்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் இந்த அம்மாளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அன்றைக்குக் காரைக் கிளப்பப் போனபோது பின் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாராம்.

தையல்காரர் கும்பிட்டார். வாயெல்லாம் பல்லாக எல்லாரையும் அறிமுகம் செய்துகொண்டே வந்து, "இவரு என் கூடப் பொறந்த அண்ணன். பொண்ணுக்குப் பெரியப்பா. வெளியூர்லேர்ந்து இதுக்குன்னே வந்திருக்காரு" என்றார்.

மருந்துக்காரர் எழுந்து நின்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பையனின் அம்மா முகத்திலும் ஈயாடவில்லை. ஏனென்றால் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த அம்மாளின் வீட்டில், பரணில் பூனை குட்டி போட்டுவிட்டுப் போனதற்காக, இதே மருந்துக்காரர் இதே சூட்கேஸ்களோடு போய் மருந்து அடித்துவிட்டு வந்திருந்தார். அங்கே அவர் போனது அந்த அம்மாளின் உடன்பிறந்த தம்பி முறையில்.

இருவரும் பேசாமல் இருந்திருந்தால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். ஆனால் எதிர்வீட்டம்மா இருந்தாரே.

"அட, நம்ம தம்பி. உங்கள எங்கடா பாத்தோம்னு யோசிச்சேன். அன்னைக்கு அக்கா வீட்டுக்கு வந்து ரெண்டு மாடி வீட்டப் பத்தியெல்லாம் சொன்னீங்களே, முதுகு வலி எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க," என்றார் மருந்துக்காரர். வேறு என்ன சொல்வது?

எதிர்வீட்டம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இவர் அந்த அம்மாவுக்குத் தம்பி. இவரே இந்தத் தையல்காரருக்கு அண்ணன். அப்படியென்றால் அந்த அம்மாவும் தையல்காரரும் அக்கா தம்பி. அப்படியென்றால் பையனுக்குத் தையல்காரர் தாய்மாமன். பெண் சொந்த மாமன் மகள். கணக்கு முடிந்ததும் எதிர்வீட்டம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"முறைப்பொண்ணுதானா? இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல? அப்புறம் எதுக்கு புதுசா பாக்க வர்ற மாதிரி வந்தோம்?"

தையல்காரர் விட்டத்தைப் பார்த்தார். பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். பையனின் அம்மா மருந்துக்காரரைப் பார்த்த பார்வையில், எதையாவது சொல்லித் தொலையுங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. மருந்துக்காரருக்கோ அந்த மாதிரி ஒரு பார்வை போதும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க அக்காவுக்கும் தம்பிக்கும் ரொம்ப வருஷமா பேச்சுவார்த்தை இல்லீங்க. நான் நடுவுல பொறந்தவன். நான்தான் அங்கயும் இங்கயும் போய் வந்துட்டிருந்தேன்."

எதிர்வீட்டம்மாவின் கண்கள் விரிந்தன. எதனால் சண்டை என்று கேட்டார். மருந்துக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே மூடி வைத்திருந்த படுக்கையின் மேல் ஒரு போர்வை கண்ணில் பட்டது.

"ஒரு போர்வை. எங்கம்மாவோடது. யாருகிட்ட இருக்கணும்னு தகராறு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பையனின் அம்மாவால் தன்னைப் போர்வைக்கு ஆசைப்பட்டவளாக ஊர் நினைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் ஒண்ணும் போர்வைய கேக்கல. அதத் துவைக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"வெந்நீர்ல போடச் சொன்னீங்கல்ல?" என்றார் தையல்காரர். அவரும் எப்போது உள்ளே நுழைந்தார் என்று அவருக்கே தெரியாது. "நெய்த துணிய வெந்நீர்ல போட்டா என்ன ஆகும்? சுருங்கிப் போய் கைக்குட்டையாத்தான் வரும்."

"சுருங்கினா சுருங்கட்டும். கிருமியோட போத்திக்கறதுக்கு குளிர்லயே கிடக்கலாம்."

"துணிக்கும் உயிர் இருக்குங்க."

"அதுல இருக்கறதுக்கெல்லாம் உயிர் இருக்கு, அதத்தான் நானும் சொல்றேன்."

இல்லாத போர்வைக்காக இரண்டு பேரும் நிஜமாகவே முட்டிக்கொண்டார்கள். தையல்காரர் தன் தொழிலை யாரோ குறை சொன்ன மாதிரி கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார். அந்த அம்மாள் வெந்நீரை விட்டுக்கொடுக்கவில்லை. மருந்துக்காரர் பதறிப்போய் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். கைத்தறியாக இருந்தால் இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப் போடலாம், வெயிலில் நன்றாகக் காயவிட்டால் போதும், துணியும் பிழைக்கும், கிருமியும் சாகும் என்று தீர்ப்புச் சொன்னார். தையல்காரர் யோசித்துவிட்டு, இளஞ்சூடு என்றால் சரி என்றார். அந்த அம்மாளும், நல்ல வெயிலாக இருந்தால் சரி என்றார்.

எதிர்வீட்டம்மா மூக்கைச் சிந்தினார். இவ்வளவு வருஷத்துப் பகை தன் கண் முன்னால் தீர்ந்ததே என்று அழுதார். பிறகு பையனின் அப்பா பக்கம் திரும்பி, இதெல்லாம் உங்களுக்கும் தெரியுமா, ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று கேட்டார்.

"இவளுக்குத் தம்பிங்க இருக்கறதே எனக்கு சமீபத்துலதாங்க தெரியும்," என்றார் அந்தச் சாது. அன்றைக்கு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

பையனும் பெண்ணும் எப்போதோ முன்னறைக்கு ஓடிவிட்டிருந்தார்கள். தையல் கடையில் தொங்கிய துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு, உள்ளே இருந்தவர்களுக்கு விம்மல் மாதிரிதான் கேட்டது. பிள்ளைகளுக்குக்கூட நெஞ்சு தாங்கவில்லை பாருங்கள் என்று எதிர்வீட்டம்மா மறுபடியும் அழுதார்.

இந்தக் களேபரத்தில் மருந்துக்காரரின் போன் அடித்தது. மனைவி. பல் டாக்டர் கிளினிக்கில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே நீங்கள் கணக்குப் பார்க்க வரும் ஆடிட்டர், ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொரிந்தாள். மருந்துக்காரர் மூலையில் போய் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இங்க எங்க அக்காவும் தம்பியும் இப்பத்தான் சமாதானம் ஆகுறாங்க. பாதியில எப்படி வர்றது?"

"உங்களுக்கு ஏதுங்க அக்கா?"

"வந்து சொல்றேன்," என்று வைத்துவிட்டார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. அது மருந்தின் காரமாகவும் இருக்கலாம்.

பையனின் அம்மா இதற்குள் ஒரு வேலை செய்திருந்தார். சண்டை ஓய்ந்ததும் மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தார். எந்த மருந்து, எவ்வளவு அடர்த்தி என்று அந்த மூக்குக்குத் தெரியும், அதே மருந்து தன் வீட்டிலும் அடித்ததுதானே. வரப்போகிற மருமகள் வளர்ந்த வீட்டில், தான் கேட்காமலேயே, தன்னுடைய ஆளையே கூப்பிட்டு மருந்து அடித்திருக்கிறார்கள். இதைவிட ஒரு குடும்பத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். முன்னறையிலிருந்து திரும்பி வந்த பையன் அதைப் பார்த்ததும், காரியம் பழம் என்று பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினான்.

சமையலறைத் தரை காய்ந்த பிறகுதான் டீ வந்தது. அதுவரை எல்லாரும் வெறுந்தொண்டையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு நரைத்திருக்கிறது, அண்ணனுக்கு நரைக்கவில்லையே என்று எதிர்வீட்டம்மா ஒரு சந்தேகம் கேட்டார். குடும்பத்துக் கவலையெல்லாம் சின்ன வயதிலிருந்து அவன்தான் பட்டான் என்று மருந்துக்காரர் தையல்காரரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவரைவிட வயதில் நன்றாக மூத்த தையல்காரர் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பல் டாக்டரைச் சமாதானப்படுத்தியதே அவளுக்குப் பெரும்பாடாகப் போயிருந்தது. ஒரு வேலைக்குப் போய் ஒரு குடும்பத்தையே கூட்டி வந்திருக்கிறீர்களே, இதை எப்படி அவிழ்க்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவருக்கு அவிழ்க்கும் உத்தேசமே இல்லை. அடுத்த நாள் காலையில், வேலை எதுவும் இல்லாமலே, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கப் போன் செய்தார். அந்த அம்மாளும் கொஞ்சம் தயங்கிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னார்.

கல்யாணம் நிச்சயமானதும் புதுச் சிக்கல் கிளம்பியது. மருந்துக்காரர் யார் பக்கம் நிற்பது? பெண்ணின் பெரியப்பா இல்லாமல் எப்படி என்றார் தையல்காரர். பையனின் தாய்மாமன் வராவிட்டால் எதிர்வீட்டம்மா கேட்பாரே என்றார் பையனின் அம்மா. ஆரம்பத்தில் எதிர்வீட்டம்மாவுக்காகத்தான் இருவரும் பேசினார்கள். போகப் போக, அந்த அம்மாள் இல்லாத இடத்திலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மருந்துக்காரர் படமெடுக்கும்போது ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் ஓடி நிற்பதாக முடிவாயிற்று. அவருடைய மனைவி, எந்தப் பக்கத்துப் படத்திலும் சிரிக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு கூட வந்தாள். பெண்ணும் பையனும் காலில் விழுந்தபோது நிபந்தனையை மறந்துவிட்டாள்.

ஆனால் கல்யாணக் கூட்டம் என்றால் ஊர்க் கூட்டம். மருந்துக்காரர் போகாத வீடு அந்த வட்டாரத்தில் குறைவு. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்து, "இன்ஸ்பெக்டர் சார், இப்பல்லாம் தூங்கறதே இல்ல சார்" என்றார். ஒரு குழந்தை ஓடி வந்து, விரல் சுளுக்கு சரியாகிவிட்டதா, இப்போது கிட்டார் வாசிப்பீர்களா என்று கேட்டது. ஒருவர் மாமா என்றார், ஒருவர் அண்ணன் என்றார். பல் டாக்டர் மட்டும் சூதுவாது தெரியாதவர். எல்லார் முன்னாலும், "மருந்துக்காரரே, அடுத்த வாரம் கிளினிக்குக்குப் புகை போட வந்துடுங்க, போன தடவ மாதிரி ஏமாத்திடாதீங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்ற எதிர்வீட்டம்மா மறுபடியும் விரல்களை எடுத்தார். இந்த முறை பத்து விரலும் போதவில்லை. மருந்துக்காரரின் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பையனின் அம்மா கதிகலங்கிப் போனார். எதிர்வீட்டம்மா இனித் தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பார், மானம் கப்பலேறும் என்று காத்திருந்தார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அந்த அமைதிதான் எல்லாரையும் வாட்டியது. மருந்துக்காரர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போய், இரண்டு தடவையும் என்ன முறையில் கேட்பதென்று தெரியாமல் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஒருநாள் மருந்துக்காரரின் மனைவிக்குப் போன் வந்தது. எதிர்வீட்டம்மாதான். தன் வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும் என்றார். மனைவி பழக்க தோஷத்தில் எந்த முறையில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மருந்துக்காரராவே வரட்டும்," என்றார் எதிர்வீட்டம்மா. "அந்த வெள்ளை ட்ரெஸ், மூஞ்சில மாட்டறது எல்லாம் போட்டுக்கிட்டு வரட்டும். வண்டிய நடுத்தெருவுல நிறுத்தட்டும். எதிர்வீட்டுல ஒரு கல்யாணமே நடந்து முடிஞ்சிருக்கு. என் வீட்டுல என்னன்னு கேக்க ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

சொன்னபடியே மருந்துக்காரர் போனார். தொட்டியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தபோது அவருக்கு நடையே தடுமாறியது. சொல்ல வேண்டிய கதை எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழையும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு கதவுகளும் திறந்தன. அக்கம்பக்கத்தார் முந்தானையாலும் கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டம்மாவைச் சுற்றி வந்து நின்றார்கள். அந்த அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே சுவரின் மேலிருந்து கீழாகத் தெளித்துக்கொண்டிருந்த மருந்துக்காரருக்கு முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இருந்தாலும் வாசலில் யாரோ, உள்ளே இருக்கிற ஆள் யார், என்ன நோய் என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் கை தானாக நின்றது.

"நோயாவது ஒண்ணாவது," என்றது எதிர்வீட்டம்மாவின் குரல். "அவர யாருன்னு நெனச்சீங்க? எதிர்த்தாப்புல இருக்காங்களே மாப்பிள்ளையோட அம்மா, அவங்க கூடப் பொறந்த தம்பி. பொண்ணுக்குப் பெரியப்பா. ஊர்ல ரெண்டு மாடி வீடு இருக்கு. இந்த மருந்தடிக்கறதெல்லாம் சும்மா பொழுது போகாம செய்யறாரு. அவங்க குடும்பத்துல ஒரு போர்வையால என்ன ஆச்சு தெரியுமா? உக்காருங்க, சொல்றேன்."

மருந்துக்காரர் முகமூடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த சுவருக்குப் போனார்.